டோனட் டப்பா

என் மனைவி இறந்த வருடம், கிறிஸ்மஸுக்கு முதல் நாள், வாழ்க்கையில் முதல் முறையாக நான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்தேன். பெங்களூரில் எங்கள் விவேக் நகர் தெருவில் சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகைப் பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற நாளில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. வீட்டில் செய்த எதையாவது, ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பது வழக்கம். துக்க வீட்டிலிருந்து மட்டும் பாத்திரம் வெறுமையாகத் திரும்பும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் மைதாவைப் பிசைந்தேன். என் மகளிடம் நான் ஒரு விஷயம் சொல்லியாகவேண்டியிருந்தது. வெறுங்கையோடு அவள் வாசலில் போய் நிற்க எனக்கு முகமில்லை.

ஏழு வருடமாக அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. காவிரிக் கலவரத்தின்போது எங்கள் தெருமுனையில் கல் விழுந்தது. நான் ஃபேக்டரிக்குப் போய்வந்த சைக்கிளை யாரோ கொளுத்திப் போட்டார்கள். அதற்கு மறு வருடமே என் மகள், பொம்மசந்திராவில் தன்னோடு வேலை பார்த்த ஒரு கன்னடக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். என் சைக்கிளைக் கொளுத்தியது அவரில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வீம்பு. இந்த வாசற்படியை மிதிக்காதே என்று அவளிடம் சொன்னேன். நீயும் அங்கே போகக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். மனைவி தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் அது சம்மதம் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

மனைவி கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா வெள்ளைக்காரச் சுரங்க அதிகாரி ஒருவரின் பங்களாவில் சமையல் வேலை செய்தவர். அந்த வழியில் எங்கள் வீட்டுக்கு வந்த பலகாரம்தான் டோனட். தெருவெல்லாம் கல்கல்லும் அதிரசமும் மணக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் இது. மாவைத் தட்டையாகத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரால் வட்டமாக வெட்டி, இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியால் நடுவில் ஓட்டை போடுவாள். எண்ணெயில் போட்டதும் அது உப்பிப் புரளும். ஐசிங் சர்க்கரையைப் பாலில் குழைத்து, இரண்டு சொட்டு வெனிலா விட்டு, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் கோத்துத் தொங்கவிடுவாள். மகள் சிறுமியாக இருந்தபோது கீழே தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். சொட்டுகிற சர்க்கரைப் பாலை விரலால் வழித்து நக்குவதுதான் அவளுக்குக் கிறிஸ்மஸ். நான் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவதோடு சரி.

மகள் போன பிறகும் மனைவி டோனட் சுடுவதை நிறுத்தவில்லை. கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலையில் சுட்டு, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் அடுக்கி, ‘ஆனேக்கல்ல சித்திக்குக் குடுத்துட்டு வரேன்’ என்று பஸ் ஏறுவாள். அந்த டப்பாவின் மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய் ஒரு குதிரையின் பின்னங்கால்கள் மட்டும் மிச்சமிருந்தன. சாயங்காலம் திரும்பும்போது டப்பா நிறைய ரவை உருண்டை இருக்கும். கொப்பரைத் துருவல் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிராம்பைக் குத்தியிருப்பார்கள். ‘உங்க சித்திக்கு என்ன கைமணம்!’ என்று நான் நாலைந்தை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுவேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ரசித்துத் தின்பதைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் நாளே கேட்டாள்: ‘அவள வரச் சொல்லுங்க. ஒரு தடவ பாத்துக்கறேன்.’

‘மொதல்ல நீ எழுந்து வீட்டுக்கு வா. அப்புறம் பாத்துக்கலாம்’ என்றேன்.

மறுநாளும் கேட்டாள். காது கேட்காதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். மகளுக்குத் தகவல் சொன்னது நானில்லை. எதிர்வீட்டு அம்மாதான் போன் செய்தார். கல்லறையில் மகள் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தாள். குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, என் பக்கம் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு என் தோளைத் தொட்டு துக்கம் கேட்டவர்களை எண்ண முடியாது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஆனேக்கல் சித்தி வந்திருந்தார். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம், ‘அத்தே, இனிமே உங்க ரவை உருண்டைய யாரு எடுத்துட்டு வருவா?’ என்றேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

‘இன்னா மாப்ள சொல்றீங்க? ரவை உருண்டையா? நான் கடைசியா உருண்டை பிடிச்சது எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப. உங்க பொண்டாட்டி எங்க வூட்டுக்கு வந்தே ஏழு வருசம் ஆவுது.’

ஓசூர் ரோட்டில் ஆனேக்கல் பஸ் மகள் இருக்கும் பொம்மசந்திராவைத் தாண்டித்தான் போகவேண்டும். மனைவி பாதி வழியிலேயே இறங்கியிருக்கிறாள். ஏழு வருடம் நான் சப்புக்கொட்டித் தின்றது என் மகளின் கைச் சமையல். உருண்டையில் கிராம்பு குத்துவது கன்னட வீட்டுப் பழக்கம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அன்று பின்கட்டில் போய் நின்று அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது நான்தான்.

அவள் அம்மா கடைசியாகக் கேட்டது அவளைத்தான் என்பதும், கூப்பிடாமல் விட்டது நான் என்பதும் மகளுக்குத் தெரியவேண்டும். இதைச் சொல்லாமல் சாகக்கூடாது என்று தீர்மானித்தேன். தீர்மானித்துவிட்டு டிசம்பர் வரை தள்ளிப்போட்டேன். பிறகுதான் டப்பாவின் நினைவு வந்தது.

பேக்கரிக்காரரிடம் ஈஸ்ட் கேட்டேன். கடுகைவிடச் சின்ன மணிகளாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ‘வெதுவெதுப்பான பால்ல போடுங்க சார். மாவு டபுளா ஏறும்’ என்றார். எவ்வளவு நேரத்தில் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மாவு என்றால் ராத்திரி முழுக்க இருந்து காலையில் பொங்குவது. வேறு விதமான மாவை நான் அறியேன். பெங்களூர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது என்று மனைவி தூக்குச் சட்டிக்கு ஒரு பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைப்பாள். நானும் சாயங்காலமே முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, அதே ஸ்வெட்டரைச் சுற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் மூடி தரையில் கிடந்தது. மாவு பொங்கி வழிந்து, பிறகு அமுங்கி, நடுவில் குழி விழுந்திருந்தது. கள்ளுக்கடை வாசனை. ஸ்வெட்டர் முழுக்க மாவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பேக்கரிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் இன்னொரு முறை பிசைய எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே தேய்த்து, டம்ளரால் வெட்டி எண்ணெயில் போட்டேன். உப்பவில்லை. கறுத்துச் சப்பையாக மிதந்தன. மேலே சர்க்கரை பூசிவிட்டால் தெரியாது என்று நினைத்தேன்.

எண்ணெய் வாசனைக்கு எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தார். ‘அண்ணே, துக்க வருசத்துல எண்ணெய்ச் சட்டியா?’

‘ஏன், செத்தவ வந்து உங்ககிட்ட கம்ப்ளெயிண்ட் குடுத்தாளா?’ என்று சீறினேன். அவர் இன்னமும் மாவு ஒட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துப்போய்த் துவைத்துப் போட்டார்.

மத்தியானம் பொம்மசந்திராவில் இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தது மருமகன். என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டு, ‘ஒளகே பன்னி, மாவா’ என்றார். உள்ளே வாங்க மாமா என்று அவர் மொழியில் சொல்லிவிட்டு, என்னையும் மகளையும் தனியே விட்டு வெளியே போய்விட்டார். அந்த மனிதரை ஏழு வருடம் வெறுத்திருந்தேன்.

மகள் டப்பாவைத்தான் முதலில் பார்த்தாள். மூடியைத் தடவினாள். ஒன்றை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்றாள்.

‘புளிக்குதுப்பா. ராத்திரியே பிசைஞ்சு வெச்சிட்டீங்களா?’

‘பின்ன எப்போ பிசையறது?’

‘அம்மா காலைல பிசைஞ்சு ஒரு மணி நேரம்தான் வெப்பாங்க.’

‘எனக்கு யாரு சொன்னா?’ என்று குரல் உயர்ந்துவிட்டது. அவள் கையில் இருந்த மிச்சத்தையும் தின்று முடித்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

‘அம்மா ஆஸ்பத்திரில என்னைக் கேட்டாங்களாப்பா?’

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவளே ஆரம்பித்துவிட்டாள். ‘கேட்டா. ரெண்டு நாளும் கேட்டா. நாந்தான் கூப்பிடல’ என்றேன்.

‘ரெண்டு நாள் இருந்துச்சா?’ என்றாள். தனக்குத்தானே சொல்வது மாதிரி, ‘பஸ் ஏறினா ஒரு மணி நேரம்’ என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை. தாயை இழந்தவளுக்கு, அவள் தாய்வீட்டிலிருந்து நாலு மாதம் கழித்து துக்கம் கேட்க வந்த முதல் ஆள் நான். அதுவும் பலகாரத்தோடு.

கிளம்பும்போது டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாங்கியதுமே தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

‘இந்த வருசம் நான் ஒண்ணும் செய்யலப்பா’ என்றாள். ‘வருசம் திரும்பட்டும்.’

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் படியிறங்கினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்தவர், காலி டப்பாதானே பெரியவரே, கீழே வைங்களேன் என்றார். முடியாது என்றேன். விவேக் நகர் வரும்வரை அதை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடமும் என் மனைவி இதை நிறைத்துத்தான் கொண்டுவந்தாள்.