இரண்டு தீவுக்கும் வெள்ளைப் பூ

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் என் மனைவியை அழைத்துப்போன அதிகபட்ச தூரம் பழனி. அங்கே போனது என் மொட்டைக்காக என்பதால் அது சுற்றுலாவில் சேராது என்று அவள் தீர்ப்புச் சொல்லிப் பல வருடமாகிறது. மலையாளத்துச் சித்தூருக்குக் கிழக்கே கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருப்பவனுக்கு வெளியூர் என்றால் கோயம்புத்தூர்தான். அதுவும் மோட்டார் பழுதானால். அப்படிப்பட்டவன் வீட்டில் போன பங்குனியில் அந்தமானும் லட்சத்தீவும் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன.

காரணம் அவள் கண். கதவில் இடித்துக்கொள்கிறாள், பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிடுகிறாள் என்று கோயம்புத்தூரில் காட்டினோம். கண்ணுக்குள்ளே அழுத்தமாம். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும், இரண்டு பக்கமும்தான் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வரும். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றலாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். டாக்டர் சொல்லவில்லை. நானும் விடாமல், தென்னங்கன்று எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று கேட்பவனைப் போல, ஒரு வருசமா ரெண்டு வருசமா என்று துளைத்தேன். "மருந்தை விடாமல் போடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அடி தெரியற கடல் இருக்குதாமுங்க. ஃபோன்ல பாத்தேன். அதை நேர்ல பாத்துப்போடோணும்."

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் சொன்னேன். இரண்டு பெயர் கொடுத்தாள். அந்தமான் என்றால் கோயம்புத்தூரில் விமானம் ஏறிச் சென்னையில் மாறினால் ஆயிற்று, அடுத்த வாரமேகூடப் போகலாம். லட்சத்தீவு என்றால் கொச்சியில் கப்பல், அதற்கு முன்னால் அனுமதி, அதற்கும் முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் நாம் நல்லவர் என்று ஒரு சான்று. எல்லாம் கைக்கு வருவதற்குள் மழை பிடித்துவிடும். பிறகு ஐப்பசிக்குத்தான்.

படங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி லட்சத்தீவு என்றாள். நான் அந்தமான் என்றேன்.

"அந்தமான்ல காடு இருக்குது, மலை இருக்குது, பெரிய ஜெயில் இருக்குது புள்ள."

"ஜெயிலுக்கு எதுக்குங்க அத்தனை தூரம்? இருபத்தாறு வருசமா உள்ளதானே இருக்கறேன்."

கப்பல் என்றால் எனக்கு வாந்தி வரும் என்றேன். பழனி விஞ்சிலேயே வந்ததே என்று அவள் நினைவூட்டினாள். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். அந்தமானைச் சுற்றி இருப்பது மோரா என்று கேட்டாள். ஃபோனில் மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. இந்த வீட்டில் ஒரு தகராறு இத்தனை சந்தோஷமாக நடந்ததில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்குள் ஓடியது வேறு. ஐப்பசி என்ற சொல்லைக் கேட்டாலே விரல் விட்டு மாதத்தை எண்ணினேன். ஏழு மாதம். அதற்குள் அந்தக் கண் என்ன ஆகும்? அத்தனை தூரம் கூட்டிப்போய்க் கடலுக்கு முன்னால் நிறுத்தி, அவள் "எங்கீங்க?" என்று கேட்டுவிட்டால்? இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வாந்தி, நீச்சல், ஜெயில் என்று கோமாளித்தனம் செய்யத்தான் தெரியும்.

கடைசியில், "சாமிகிட்டப் பூக் கேட்டுறலாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்தாலும் கிணறு தோண்டினாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பதுதான் வழக்கம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்றுபோல வாழையிலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் உத்தரவு. வெள்ளை வந்தால் அந்தமான், சிவப்பு வந்தால் லட்சத்தீவு என்று பேசிக்கொண்டோம். பொட்டலத்தை யாராவது குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணு, எங்கடலு. நானே எடுக்கறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பூசாரி விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, "நானே மடிச்சுத் தர்றேனுங்க" என்று பணிவாக இலையை வாங்கிக்கொண்டேன். தூணுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தேன். சாமி கோபித்துக்கொண்டால் சமாளித்துக்கொள்ளலாம், ஐப்பசியைச் சமாளிக்க முடியாது என்று தோன்றியது.

அவள் கும்பிட்டாள். குனிந்து இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"அம்மன் வாக்கு! அந்தமான்தான்" என்று நான் குதிக்கவே செய்தேன். நாற்பது வயதில் குதித்திருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும். ஐம்பத்து நான்கில் குதித்தேன்.

பூசாரி முப்பது வருடமாகப் பூக் கேட்டுத் தருகிறவர். எடுக்காத பொட்டலத்தையும் பிரித்து, அதில் இருக்கும் பூவை அம்மன் காலடியில் போட்டால்தான் அவருக்குக் காரியம் முடிந்ததாக அர்த்தம். நானும் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தில் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவர் பிரித்தார்.

"இதென்னுங்க, இதுலயும் வெள்ளைப் பூவு?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். பூசாரி என்னைப் பார்த்தார். என் மனைவி இரண்டு பூவையும் உள்ளங்கையில் வைத்து நேராக முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள்.

"நான் இன்னும் அவ்வளவு குருடு ஆகலீங்க" என்றாள்.

வரப்பு வழியாக அவள் முன்னால் போனாள். நான் பின்னால் நடந்தேன். அம்மனுக்குச் சிவப்பு ஆகாது, இன்று வெள்ளிக்கிழமை என்று ஏதோ உளறிப் பார்த்தேன். களத்துமேட்டில் நின்று திரும்பினாள்.

"டாக்டர்கிட்ட நீங்க பேசறீங்க. நம்ம புள்ளகிட்ட நீங்க பேசறீங்க. இப்ப சாமிகிட்டயும் நீங்களே பேசிட்டீங்க. கண்ணு யாருதுங்க?"

அப்போதுதான் சொன்னேன். ஐப்பசி, கடல், எங்கீங்க, எல்லாவற்றையும். பாதியில் சளி பிடித்தவனைப் போல இருமினேன்.

"நானும் அதை நெனைக்காம இல்லீங்க. அவசர அவசரமா எதையோ ஒண்ணைப் பாத்துட்டு வர்றதுக்குப் பதிலா, நான் கேட்டதுக்குக் காத்திருக்கறேன். அப்பத் தெரியலீன்னா, நீங்க பாத்துச் சொல்லுங்க." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா பொய்யில்லாமச் சொல்லோணும். உங்களுக்கு அது வருமா?"

லட்சத்தீவுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சான்றுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் என்னைப் பார்த்து "எந்தினா போகுந்நது?" என்று மலையாளத்தில் கேட்டார். எதற்குப் போகிறீர்கள் என்பதற்கு என்னிடம் நாலு நகைச்சுவை தயாராக இருந்தது. அவள் முந்திக்கொண்டு, "கடல் பாக்கறதுக்குங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

இப்போது மழைக்காலம். காலையும் மாலையும் சொட்டு மருந்து. தலையை மல்லாத்தி அவள் உட்கார, நான் விடுகிறேன். நேற்று அப்படி விட்டு முடித்துத் துடைத்தபின், நடவு முடிந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீருக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"எத்தனை கொக்குங்க?" என்றாள்.

"மூணு."

அவள் தலையை முழுதாகத் திருப்பி ஒவ்வொன்றாக எண்ணினாள். "நாலு. சரியாப் பாருங்க."

பார்த்தேன். ஆமாம் நாலு, என் கண்ணுக்குத்தான் மருந்து விடவேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். நான் அதை விழுங்கிக்கொண்டேன்.

"மூணுதான் புள்ள. அந்தக் கடைசியில இருக்கறது கொக்கில்ல. யூரியா சாக்கு."

அவள் இன்னொரு முறை அந்தப் பக்கம் பார்த்தாள். மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"சரி" என்றாள். "இப்படியே சொல்லுங்க."