வேதத்தில் இல்லாத தாத்தா

வேதாகமத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா எந்த அதிகாரத்தில் வருகிறார் என்று பெரியப்பா கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பெரியப்பா எங்கள் சபையின் செயலாளர். கமிட்டிக் கூட்டத்தில் அவர் கேட்டால் அது கேள்வி அல்ல, தீர்ப்பு. நட்சத்திரம் மத்தேயுவில் இருக்கிறது, மேய்ப்பர்கள் லூக்காவில் இருக்கிறார்கள், தாத்தா எங்கே? ஆகவே அந்த வருஷம் வீடு வீடாகப் போகும் கேரல் பவனியில் பாட்டும் ஜெபமும் மட்டும், தாத்தா கிடையாது என்று முடிவாகிவிட்டது. கேக்கும்தான் வேதத்தில் இல்லை. அதைப் பற்றிப் பெரியப்பா ஆராயவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வேங்கிக்காலில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் இருந்தோம். கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் கேரல் வேன் வந்து எங்கள் வாசலில் நிற்கும். அப்பா டோலக் அடிப்பார். சிவப்பு வெல்வெட் அங்கி, பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சு தாடி, வயிற்றில் தலையணை, கைகளில் வெள்ளை சாக்ஸ் என்று தாத்தா இறங்கி அந்த அடிக்கு ஆடுவார். உள்ளே இருப்பது என் மாமா, அம்மாவின் தம்பி என்று ஊருக்கே தெரியும். தெருப் பிள்ளைகளும், மாலை போட்டிருக்கும் ஐயப்ப சாமிகளும், பால்காரரும் கூடி நிற்பது அந்த ஆட்டத்துக்காகத்தான். பாட்டைக் கேட்க யாராவது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா மட்டும் ஒரு வருஷமும் வாசலுக்கு வந்து பார்த்ததில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போடுவது அவள் பொறுப்பு. போதாததற்குப் பெரியப்பா இருக்கிற இடத்தில் அம்மா நிற்கவும் மாட்டாள். கணவரின் அண்ணனுக்கு முன்னால் குரல் உயர்த்தாத மருமகள் என்று சொந்தபந்தத்தில் அவளுக்கு ஏக நல்ல பெயர். தாத்தாவின் அங்கியைத் தைத்ததுகூட அவள்தான். பண்டிகை முடிந்ததும் அதைத் துவைத்து மடித்து எங்கள் பீரோ மேல் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுவாள்.

கமிட்டி முடிவு கேட்டு மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. அதற்கு ஒரு தாத்தா தேவைப்பட்டார்.

"அங்க ஏசுவப் பத்திப் பேச்சே இல்லக்கா. மரம், கேக்கு, தாத்தா, அவ்ளோதான். டிரெஸ்கூட அவங்களே தராங்க" என்றார் அம்மாவிடம். "வேணும்னு கூப்புடறவங்க கிட்டப் போறேன். வேணான்றவங்க வாசல்ல நான் ஏன் போய் நிக்கணும்?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. சபையில் ஏசு உண்டு, தாத்தா கிடையாது. செங்கம் ரோட்டில் தாத்தா உண்டு, ஏசு கிடையாது. இருவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

இதற்குள் எதிர்வீட்டுக்காரிக்குச் சேதி போய்விட்டது. அவளும் என் வகுப்புதான். ஸ்கூல் ரிக்ஷாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டாள்.

"இந்த வருஷம் உங்க தாத்தா வரமாட்டாராமே?"

"யாரு சொன்னா? வருவாரு."

"வரலன்னா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "வரலன்னா என் கிறிஸ்துமஸ் கவுன நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் சாட்டின் கவுன். கழுத்தைச் சுற்றி லேஸ். அம்மா தைத்தது, நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதது. வீட்டுக்கு வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

"கண்ணு போகத் தச்சது நானு, பந்தயம் கட்டறது நீயா?" என்றாள் அம்மா. அடிக்கவில்லை. "போ, போய் மூஞ்சக் கழுவு" என்று அனுப்பிவிட்டாள்.

கேரல் வேன் வந்த அன்றைக்கே விடுதியிலும் பார்ட்டி. மாமா மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார். எங்கள் வாசலில் ஒரு பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டும் முடிந்தது. கூட்டம் வேனுக்குள் எட்டி எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல் நான் போட்டிருந்த மஞ்சள் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதத்தைத் திறந்தார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுப் பக்கச் சந்திலிருந்து தாத்தா வந்தார்.

சும்மா வரவில்லை, ஆடிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பெரியப்பா வாசிக்க ஆரம்பித்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா ஒரு நிமிஷம் தாத்தாவையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, டோலக்கை மடியில் இறுக்கிக்கொண்டு அடித்தார் பாருங்கள், அப்படி ஓர் அடியை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தாத்தா குனிந்தார், நிமிர்ந்தார், சுழன்றார். தலையணை ஒரு பக்கம் நழுவியதை ஒரு கையால் ஏற்றிவிட்டுக்கொண்டே ஆடினார். மாலை போட்ட சாமி ஒருவர் தன்னை மறந்து விசில் அடித்துவிட்டார்.

"மச்சான் இந்த வருஷம் பின்றாரு" என்று மாமாவை நினைத்து யாரோ சொன்னார்கள்.

பெரியப்பா வேதத்தை மூடினார். தாத்தா நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினார். ஊரே பார்க்கிறது, அவர் என்ன செய்வார்? கொடுத்தார். கொடுத்த கையைத் தாத்தா விடவில்லை. குலுக்கினார், இழுத்தார், அப்பாவின் அடிக்குச் சரியாக அவரை அப்படியும் இப்படியும் அசைத்தார். எங்கள் சபையின் செயலாளர் எதிர்வீட்டு ஐயப்ப பக்தர்களின் கைத்தட்டலுக்கு நடுவில் ரெண்டு எட்டு ஆடினார். ஆடியது மட்டுமல்ல, சிரித்தும்விட்டார். எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து கவுனின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

தாத்தா மிட்டாயை வாரி இறைத்துவிட்டு வந்த சந்திலேயே போய் மறைந்தார். கூட்டம் மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பைக் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது மாமா. விடுதியில் கொடுத்த பளபளப்பான அங்கி, கழுத்துக்கு இறங்கிய தாடி, முகமூடி இல்லாத முகம்.

"என்ன, முடிஞ்சிடுச்சா? மனசு கேக்கல, அதான் வந்துட்டேன்" என்றார்.

மிட்டாய் பொறுக்கியவர்கள் நிமிர்ந்தார்கள். பெரியப்பா தன் வலது கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப வந்தது யாரு?" என்றார்.

அப்பா தலையைக் குனிந்து டோலக்கின் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் இறுகியிருந்தது. எனக்கோ பதில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. மாமா இங்கே இருக்கிறார் என்றால் வந்தது நிஜத் தாத்தா. இதை நான் உரக்கவே அறிவித்தேன். எதிர்வீட்டுக்காரியால் மறுக்க முடியவில்லை. பெரியப்பாவுமே மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். வழக்கத்தைவிடச் சின்ன ஜெபம். அடுத்த வருஷக் கமிட்டியில் தாத்தாவைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஜெபம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் டீ வந்தது. தட்டை ஏந்தி வந்த அம்மாவின் முகமெல்லாம் வியர்வை. அடுப்புச் சூடு என்றாள்.

வேன் போனதும் நான் அடுக்களைக்கு ஓடினேன். அம்மாவை நினைத்தால் அழுகையே வந்தது. இப்படி ஓர் ஆட்டம் வாசலில் நடந்திருக்கிறது, பாவம், இவள் இங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் ஒன்றுவிடாமல் எல்லாம் சொன்னேன். பெரியப்பா ஆடியதை மூன்று தடவை சொன்னேன். அம்மா ஒவ்வொரு தடவையும், "அப்புறம்? அப்புறம் இன்னா பண்ணாரு?" என்று முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள்.

கடைசியில் தாத்தாவின் சுழற்சியை ஆடியே காட்டினேன். தடுக்கி விழப் போனேன்.

"அப்படி இல்ல. எடது கால மொதல்ல வெச்சித் திரும்பணும்" என்றாள் அம்மா, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சொன்ன மாதிரியே திரும்பினேன். சரியாக வந்தது. பரவாயில்லை, ஜன்னல் வழியாகவாவது கொஞ்சம் பார்த்திருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் அடுக்களைக்கு இருந்த ஒரே ஜன்னல் பின்பக்கச் சுவரைப் பார்த்தது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.