இராத்தங்காத பயணம்

முருகலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். பரமக்குடிக்குக் கிழக்கே அவள் ஊருக்கு வரும் மிளகாய் வியாபாரிகள்கூட, அவள் களத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் விலை பேசுவார்கள். புருஷன் போன பிறகு மிளகாய்க் காட்டை வைத்தே ஒற்றை மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். அப்பேர்ப்பட்டவளுக்கே இந்த ஆடியில் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது.

காளியம்மனுக்கு முளைப்பாரி வளர்ப்பதற்காக அவள் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. எந்தக் காலத்தில் யார் விதித்ததோ, இன்றுவரை ஒருத்தரும் மீறியதில்லை. மறுநாள் மகள் பானுப்பிரியாவிடமிருந்து போன். போலீஸ் பயிற்சி முடிகிறதாம், வியாழக்கிழமை காலை சென்னையில் அணிவகுப்பாம். மகள் காக்கி உடுப்பில் நடப்பதைப் பார்க்காவிட்டால் இத்தனை வருஷம் வெயிலில் வெந்து என்ன பிரயோஜனம்?

நேரே பூசாரி வீரையா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, இராத்தங்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?"

"இதென்ன கேள்வி? ராத்திரி ஊருக்குள்ளதான் கெடக்கணும்னு அர்த்தம்."

"அப்படியா சொல்லியிருக்கு? தங்கக் கூடாதுன்னுதான சொல்லியிருக்கு! தங்குறதுன்னா ஒரு எடத்துல கெடக்குறது. ரயிலு ஓடிக்கிட்டுல்ல இருக்கு? ராத்திரி ஏறிப் போறேன், பிள்ளையப் பாக்குறேன், அன்னைக்கு ராத்திரியே ஏறித் திரும்பி வாரேன். இதுல நான் எங்கன தங்குனேன்?"

வீரையா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை.

"சரித்தா, ஓடுறவரைக்கும் தப்பில்ல. ரயிலு நிக்குமே, அப்ப?"

"நின்னா எறங்கி நடக்குறேன்!"

வாயைக் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்ய? புதன்கிழமை ராத்திரி சென்னை ரயிலில் ஏறியவள், மானாமதுரையில் வண்டி நின்றதும் இறங்கி, பிளாட்பாரத்தில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். காரைக்குடியிலும் அதே கூத்து. எதிர் சீட்டில் இருந்த ஏர்வாடிக்காரி ஜுவைரியாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, சுகர் இருக்கா?"

முருகலட்சுமி விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பாள் என்று பார்த்தால் ஜுவைரியா தலையை ஆட்டினாள்.

"எங்கள்லயும் பயணம் போனா நோன்புக்குச் சலுகை இருக்குக்கா. ஆனா விட்ட நோன்பைப் பின்னாடி பிடிச்சே ஆகணும். சும்மா தப்பிச்சுற முடியாது."

திருச்சியில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிட்டாள். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்ததில் வண்டி நகர்ந்தது தெரியவில்லை. "ஏறுங்கக்கா, ஏறுங்க!" என்று அவள் கத்த, இவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, ஒருவழியாகத் தொற்றி ஏறி வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

காலையில் மைதானம் முழுக்க ஒரே உடுப்பு. எது தன் பிள்ளை என்று முருகலட்சுமி தவித்துப்போனாள். பெற்ற கண் அல்லவா, நடையிலேயே பிடித்துவிட்டது! "அந்தா, அதுதான் எம்மக!" என்று பக்கத்தில் இருந்தவர் தோளைப் போட்டு உலுக்கினாள். பிள்ளைகள் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

முடிந்ததும் பானுப்பிரியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"காப்புக் கட்டிட்டியே, எங்க வரப்போறேன்னு ராத்திரியெல்லாம் அழுதேம்மா. இன்னைக்கு ஒரு ராத்திரி எங்கூட இருந்துட்டுப் போ. இங்கன யாரு பாக்கப் போறா?"

முருகலட்சுமிக்கு ஆசை இல்லாமலா? மகளை மடியில் போட்டுத் தூங்கவைத்து எத்தனை மாதம் ஆயிற்று! கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் முகத்தை ஏந்தினாள்.

"ஏந்தாயி, இப்ப கைய நீட்டி என்னமோ சத்தியம் பண்ணுனியே, யாரும் பாக்காத ராத்திரிக்கு அது செல்லாதாக்கும்?"

பானுப்பிரியா கடகடவென்று சிரித்தாள். இரண்டடி பின்னால் போய், காலைச் சேர்த்து அடித்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அம்மாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள்.

"போடி கிறுக்கி, எல்லாரும் பாக்குறாக" என்று முருகலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.