பந்தி மேல் பதிந்த படம்

பீளமேட்டில் பம்பு செட் பட்டறை வைத்திருந்த கதிர்வேலுக்கு மெக்சிகோ படப் பைத்தியம். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. உக்கடத்து நண்பர் நிஜாமின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து கொண்டுவரும் வீடியோ கேசட்டுகளில், எவரும் கேள்விப்படாத கொலை, கொள்ளைப் படங்களாகப் பொறுக்குவார். ஒரு வார்த்தை புரியாது.

"புரியாட்டித்தானுங்க சொகம்! நம்மளே கதை கட்டிக்கலாம். கோயமுத்தூர்லயே எங்கிட்ட மட்டுந்தானுங்க இருக்குது" என்பார். கொலைகாரன் ஓடும் பொட்டல்காடு பெருந்துறைப் பக்கம் போலவே இருக்கிறதாம். அடுத்த வீட்டுக்காரன் நான். எனக்கும் போட்டுக்காட்டி உயிரை வாங்குவார்.

தொண்ணூற்று நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜாம் புதுப் படமும் நகலெடுக்க இன்னொரு டெக்கும் கொண்டுவந்தார். சாயங்காலமே திருப்பித் தர வேண்டும். காலி கேசட் இல்லை, ஞாயிறென்று கடையும் திறக்கவில்லை. கதிர்வேலின் கண்ணில் தன் கல்யாணக் கேசட்டுகள் பட்டன. தாலி, சீர் எல்லாம் முதலாவதில். இரண்டாவது முழுக்கப் பந்தி. "ஊரு சோறு தின்னறத எவன் பாக்கறான்?" என்று பந்தியின் மேலேயே படத்தைப் பதிந்துவிட்டார். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

அடுத்த வருடம் அவருடைய அக்காள் சுப்பாத்தாளின் வீட்டுக்காரர் அங்கப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்து, சென்னிமலையிலிருந்து அக்காள் வந்தாள். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்.

"கண்ணு, அந்தப் பந்திக் கேசட்டப் போடு. உன்ற மச்சான் மேடைப் பக்கமே வரல. வாளியத் தூக்கீட்டு ரசம் ஊத்தீட்டேதான் திரிஞ்சாரு. அவரு நடமாடறத ஒருக்கா பாத்துக்கறேன்."

கதிர்வேல் முகம் செத்துப்போனது. "டெக்கு ரிப்பேருங்க அக்கா" என்றார்.

விவரம் தெரியாத அவர் மனைவி கீதா, "நேத்துத்தானுங்க படம் பாத்தீங்க?" என்று சொல்லி, 'பந்தி' என்று எழுதியிருந்த கேசட்டைப் போட்டேவிட்டாள்.

எடுத்த எடுப்பில் துப்பாக்கிச் சத்தம். கதிர்வேல் தரையைப் பார்த்தபடி நின்றார். எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இருக்கட்டும் கண்ணு, சண்டை முடிஞ்சா பந்தி வருமல்ல?" என்று அக்காள் உட்கார்ந்தே இருந்தாள்.

படம் முடிந்தது. மிச்ச நாடாவில் பந்தியும் வந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்துபோயிருந்தார்கள். யாரோ எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு வாளி இருந்தது. அத்தோடு கேசட் நின்றது.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க அக்கா" என்று கதிர்வேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சுப்பாத்தாள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வாளி அவருதுதான்" என்றாள்.