நல்ல வெயில்... கரண்ட் மட்டும் இல்லை

போன வாரம் இதே இடத்தில் சூரியப் புயலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? சூரியன் என்றைக்காவது பலமாக ஒரு தும்மல் போட்டால், அந்த வேகம் பூமியில் நீளநீளமாகக் கிடக்கிற மின்கம்பிகளில் இறங்கி, பெரிய டிரான்ஸ்பார்மர்களை எல்லாம் எரித்துவிடும். மாற்று டிரான்ஸ்பார்மர் செய்து வர மாதக்கணக்காகும். அதுவரை நாடே இருட்டில் கிடக்க வேண்டியதுதான் என்று.

எழுதியதுதான் தாமதம்... கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மெழுகுவத்தி எத்தனை வாங்கலாம்? அரிசி எவ்வளவு? இன்வெர்ட்டர் தாங்குமா? சாத்தூர் வாசகர் ஒருவர், "செல்போனை அலுமினியத் தாளில் சுற்றி பீரோவில் வைத்தால் தப்புமா சார்?" என்று கேட்டிருந்தார்.

நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்றைக்கே கோடை மழை பிடித்துக்கொண்டது. மழை கொஞ்சம்தான். காற்றுதான் பேயாட்டம் ஆடிவிட்டது. கோவில்பட்டியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பசுவந்தனைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன.

மறுநாள் விடிந்ததும் அக்கா மகன் ராசு பைக்கில் வந்து வாசலில் நின்றான். பசுவந்தனையை அடுத்த அவர்கள் ஊரில் செல்போன் டவரும் செத்துவிட்டதால் நேரில் வந்திருக்கிறான்.

"மாமா, அப்பா போயிட்டாவ."

அத்தானுக்கு இதயக் கோளாறு ரொம்ப நாளாகவே உண்டு. ராத்திரி தூங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"கனகாவுக்குச் சொல்லியாச்சா?"

"வார வழியில சிக்னல் கெடச்சுது மாமா. பேசிட்டேன். 'ஏலே தம்பி, நான் வாரேன், அப்பா மொகத்தப் பாக்காம எடுத்துறாதீங்க'ன்னு அழுதா."

கனகா, என் அக்காவின் மூத்த மகள். குவைத்தில் நர்ஸ். டிக்கெட் போட்டு, திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து வர மறுநாள் காலை ஆகிவிடும். ஆகட்டுமே! இந்தக் காலத்தில் அது ஒரு பெரிய விஷயமா என்ன? ஃப்ரீசர் பாக்ஸ் எதற்கு இருக்கிறது? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்க நாமெல்லாம் பழகி எத்தனையோ காலமாயிற்று.

அப்படித்தான் நானும் நினைத்து, போகிற வழியிலேயே பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனேன். வேனில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியவர், வயரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கரண்ட் எங்க சார்?"

"கரண்ட் இல்லையே. ஜெனரேட்டர் கொண்டு வரலையா?"

"பொட்டி எங்க பொறுப்பு. கரண்ட் உங்க பொறுப்பு சார்."

சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

தலைமாட்டில் விளக்கேற்றக்கூடப் படாத பாடு. அடுப்புக்கு லைட்டர், சாமிக்கு பேட்டரியில் எரியும் விளக்கு. தீப்பெட்டி செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டில் ஒரு தீப்பெட்டி இல்லை. மாலை வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஸ்கேன் பண்ண சிக்னல் இல்லை, சட்டைப் பையில் காசும் இல்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் துட்டி (சாவுத் துக்கத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பார்க்க மாட்டார்களா? மொட்டை மாடியில் பளபளவென்று சோலார் பேனல்!

கனகா வைத்துக் கொடுத்தது அது. வெயில் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், அப்பா வேர்த்துக் கிடப்பார் என்று குவைத்தில் இருந்துகொண்டே ஏற்பாடு செய்தாள். ஆனால் பேட்டரி இல்லாத வகை. லைனில் கரண்ட் இருந்தால் அதுவும் ஓடும், லைன் போனால் தானும் படுத்துக்கொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே! காரணம் நியாயமானதுதான். விற்க வந்தவர் அதை வாயைத் திறந்து சொல்லவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதல் கரண்ட் கட்டிலேயே அத்தானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் கூட இருந்தேன். வேர்த்து விறுவிறுத்து, பேப்பரால் விசிறிக்கொண்டே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஃபேன் நிக்கதே இல்ல தாயி. காத்து சும்மா பிச்சுக்கிட்டுப் போவுது." போனை வைத்ததும் எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டார்: "கனகாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. ஆசையா வச்சுக் குடுத்திருக்கா பிள்ள."

இப்போது ராசு, அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவன், வருகிறவர்களுக்கெல்லாம் சோலார் பாடம் நடத்த வேண்டியதாகிவிட்டது. "இம்புட்டு வெயில் அடிக்கே, ஏன் ஓட மாட்டேங்கி?" ஆளாளுக்கு இதே கேள்விதான். அதிலும் பெருமாள் அண்ணாச்சி (அத்தானின் சித்தப்பா மகன், ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர்) மாடியைக் காட்டிக் கேட்டு ஓய்ந்து, பிறகு காட்டைக் கைகாட்டி, "அந்தா நிக்குதுல்லா காத்தாடி, அதுல இருந்து ஒரு வயர் இழுக்க முடியாதா?" என்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைதான். லைன் இல்லாமல் அவையும் சும்மாதான் நின்றன.

தலைக்கு மேலே சூரியன், சுற்றிலும் காற்று, மாடியில் பேனல். கீழே ஒரு பெட்டியைக் குளிர வைக்க வழியில்லை.

நானும் ராசுவும் ஜெனரேட்டர் தேடி மறுபடி கோவில்பட்டிக்கு ஓடினோம். மைக்செட் கடைகளில் எல்லாம் ஒரே பதில், வெளியே போயிருக்கிறது என்று. கடைசியில் காதர் பாய் கடைக்குப் போய் நின்றேன். எங்கள் தெரு முனையில் ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் மொத்த வியாபாரம். கரண்ட் போனால் சரக்கைக் காப்பாற்ற ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். பாய் ஐஸ்கிரீம் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு டவுன் கரண்டையும் நம்ப முடியாது.

"எங்கள்ல இந்நேரம் அடக்கத்த முடிச்சிருப்போம் அண்ணாச்சி. நீங்கதான் காத்துக் கெடப்பிய," என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து வயரைக் கழற்றினார்.

"கரண்ட் போயிட்டுன்னா சரக்கு என்னாகும் பாய்?"

"உருகும். வேற என்ன செய்யும்? காத்திருக்கதுன்னு ஆயிட்டு, மொகம் கெடாமக் காத்திருங்க. ம், அந்தப் பக்கம் பிடிங்க."

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், ஊருக்குள் திரும்புகிற மண்பாதையில் ஆட்டோ நின்றுவிட்டது. மழை நனைத்த கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகர விடவில்லை. இறங்கித் தூக்கினோம். இடுப்புப் பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது. எப்படியோ வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சேர்ந்தால்... அங்கே பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

பெருமாள் அண்ணாச்சி கயிற்றை முறுக்கிக்கொண்டே சொன்னார். "வெயிலு ஏறுதுல்லா. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம்."

"கனகா வரணுமே."

"கொள்ளி வைக்க மகன் இங்கன இருக்காம்லா? பொம்பளப் பிள்ள வந்து என்ன செய்யப் போவுது? போட்டோ எடுத்து அனுப்பிருவோம்."

"உங்க கூடப்பொறந்த அண்ணன் போனப்ப சிங்கப்பூர்ல இருந்து மகன் வார வரைக்கும் காத்திருந்தோமே?"

"அது வேற. அது மகன்."

எனக்கு வந்ததே கோபம்! ராசுவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் சொல்லுதாவ மாமா..." என்று இழுத்தான். படித்த பிள்ளை. ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வெளியே வந்தாள். ராத்திரி முழுக்க காலண்டர் அட்டையால் அத்தானுக்கு வீசியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையைத் தூக்கவே முடியவில்லை.

"கொழுந்தனாரே," என்றாள். சத்தம் போடவில்லை. "உங்க அண்ணன் மகனுக்குக் காத்துக் கெடந்தப்ப, வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் காப்பி போட்டேன். இப்ப நீங்க எல்லாரும் என் மகளுக்குக் காத்துக் கெடங்க. காப்பி போடத்தான் ஆளு இல்ல."

அண்ணாச்சி கயிற்றைக் கீழே போட்டார். ஜெனரேட்டரை ஓட விட்டோம். பெட்டி உறுமிக்கொண்டு குளிர ஆரம்பித்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் ஊரே சார்ஜரோடு வந்துவிட்டது. "ஒரு பாயின்ட் அண்ணாச்சி, பத்து பர்சென்ட் ஏறட்டும், எடுத்துருதேன்." துட்டி வீட்டு நடுக்கூடத்தில், பெட்டிக்கு அடுத்தாற்போல வரிசையாகப் போன்கள். தொலையட்டும் என்று விட்டேன்.

மத்தியானம் ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து புது வயர் ஒன்று சுவர் ஏறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பின்னாலேயே போனேன். பெருமாள் அண்ணாச்சி வீட்டு ஃபிரிட்ஜ்!

"மாவு ஆட்டி வச்சிருக்கு அண்ணாச்சி," என்றார், கொஞ்சமும் கூசாமல். "புளிச்சிரும்லா."

மாவு புளிக்கக் கூடாதாம். பெற்ற மகள் அப்பா முகத்தைப் பார்க்காமல் போனால் பரவாயில்லையாம். வயரைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் ஏதாவது பேசியிருந்தால் அன்றைக்கு ஊரில் இரண்டு துட்டி ஆகியிருக்கும்.

வாசகர்களே, மெழுகுவத்தி எத்தனை, அரிசி எவ்வளவு என்று கேட்டீர்களே. அதெல்லாம் சமாளித்துக்கொள்வோம். இருட்டு நமக்குப் புதிதா? கரண்ட் இல்லாவிட்டால் யாரை விட்டுவிடலாம் என்று நமக்குள் ஒரு வரிசை இருக்கிறது பாருங்கள், எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வெளிச்சம் இருக்கிற வரை அந்த வரிசை வெளியே தெரிவதில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். கம்பம் சாய்ந்து ஒரு பகல்கூட ஆகவில்லை, குவைத்தில் ராப்பகலாக வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணின் பெயரைத்தான் முதலில் அடித்தார்கள். சூரியப் புயல் வந்து மாதக்கணக்கில் இருட்டு என்றால் யார் யார் பெயரை எல்லாம் அடிப்போம்?

மறுநாள் காலை கனகா வந்துவிட்டாள். முகம் கெடாமல் அப்படியே இருந்தார் அத்தான். அவள் அழுததை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

சுடுகாட்டில் காரியம் முடித்துக் குளித்துவிட்டு நாங்கள் திரும்பியபோது லைன்மேன்கள் வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். கரண்ட் வந்திருந்தது. போட்டது போட்டபடி இருந்த டிவி அலறியது. யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். கூடத்தில், அத்தான் எப்போதும் படுக்கிற இடத்துக்கு மேலே, ஃபேன் சுற்ற ஆரம்பித்திருந்தது.

கனகா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்லன்னு தம்பி சொன்னான். அப்பாவுக்கு ஃபேன் ஓடிச்சாம்மா?"

ராசு என்னைப் பார்த்தான், நான் பெருமாள் அண்ணாச்சியைப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க மாடியைக் காட்டிக் காட்டிப் பேசியவர் ஆயிற்றே! அவரும் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல வேளை.

அக்கா தூக்க முடியாத அந்த வலது கையை மெல்ல நகர்த்தி மகள் மடியில் வைத்தாள்.

"ஓடிச்சு தாயி. விடிய விடிய ஓடிச்சு. அப்பா அசந்து தூங்குனாவ."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காதர் பாய் ஒன்றுதான் கேட்டார். "பிள்ள வந்து பாத்துட்டா?" பார்த்துவிட்டாள் என்றேன். "அப்ப சரி. இங்கன ஃபேமிலி பேக் பூரா பாயசமாப் போச்சு," என்று சொல்லிவிட்டு வயரை மாட்டப் போய்விட்டார்.

சாத்தூர் வாசகருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே... அலுமினியத் தாள் எல்லாம் வேண்டாம் சார். ஒரு காலண்டர் அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடிய விடிய வீச வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.