கடைசிப் பாடத்தில் வந்த பதில்

பசி. காலையில் ஒரு டீ குடித்ததோடு சரி. வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. அப்படியும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

இதைக் கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருந்த அறையில், வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தபோது. மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பம் அது. பேய்க்குப் பயப்பட அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

கிடங்கில் மூட்டை தூக்கியவன் அவள் அண்ணன். இடது கையில் இரண்டு விரலை எந்திரம் தின்ற பிறகு, மிச்ச விரல்களால் கம்ப்யூட்டர் கற்றான். தங்கைக்கும் முதுகு ஒடியக் கூடாது என்று, நிரல் எழுதக் கற்றுத்தரும் கையேடு ஒன்றை அவளுக்காகவே எழுதினான். அவன் கீபோர்டு தட்டும் சத்தமே நொண்டும். டக்... டக்டக்... டக். அந்தக் கையேட்டைப் படித்துத்தான் அவள் தூரத்தில் ஒரு வேலைக்குப் போனாள். அவள் நடையைப் பார்த்து அவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாத்து.

அண்ணன் செத்து மூன்று மாதம். அவனுடைய பழைய ஃபைல்கள் எந்தப் புது கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. அண்ணி ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் எழுதினது அந்த டப்பாவுக்குள்ளயே மக்கிப்போகக் கூடாதும்மா."

லீவு போட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பாடங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக மாற்றி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் கொடுத்தாள். அது பாடத்திலுள்ள மாதிரி நிரல்களை ஓட்டிப் பார்த்து, வருகிற விடையைக் கீழேயே சேர்த்துப் புத்தகமாக்கித் தரும்.

மற்ற பாடங்கள் மளமளவென்று ஓடின. கடைசிப் பாடத்தில் நின்றது.

காரணம் அவளுக்குத் தெரியும். அந்த நிரல் ஒரு கேள்வி கேட்கும்: சாப்பிட்டியா? யாராவது பதில் அடித்தால்தான் மேலே நகரும். அடித்ததை அப்படியே திருப்பிக் காட்டும். புத்தகம் உருவாகும்போது பதில் அடிக்க யார் இருக்கிறார்கள்? இதை மட்டும் ஓட்டாதே என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்கப் போனாள்.

டக்... டக்டக்... டக்.

சத்தம் பின்னாலிருந்து வந்தது. மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அண்ணனின் பழைய கீபோர்டு. வயர் சுற்றியபடி, எதிலும் செருகாமல்.

எலியாக இருக்கும்.

திரைக்குத் திரும்பினாள். புத்தகம் தயாராகியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

சாப்பிட்டியா?
வாத்து வரட்டும்.

பழைய ஃபைல் முழுக்கத் தேடினாள். அந்த வார்த்தைகள் எங்கேயும் இல்லை. இணைய வயரைப் பிடுங்கினாள். உருவானதை எல்லாம் அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.

நின்றது... காத்திருந்தது.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

டக்... டக்டக்...

எலி இல்லை. எலி நொண்டாது.

சாப்பிட்டியா?
வாத்து வந்தாச்சா?

பெட்டியைத் திறந்தாள்.

ஒரே ஒரு விசை அமுங்கியிருந்தது...

அவள் பார்க்கப் பார்க்க, மெதுவாக மேலே வந்தது.

அவள் அலறவில்லை. கால் இழுத்த திசையில் நடந்து, சமையலறைச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடு," என்றாள் அண்ணி.

கடைசி நாளில் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மட்டும் அவள் கேட்டாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தது அவள்தான். வேலை இழுத்துக்கொண்டது. வரவில்லை என்று கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் சொல்லாமல் விழுங்கியிருந்ததைச் சொன்னாள்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வாத்து வரட்டும், வாத்து வரட்டும்னே சொன்னாரு. கடைசியா தட்டோட போனப்ப... கீபோர்டு மேலயே தலைய சாச்சிருந்தாரு."

கையேடு இப்போது எல்லாரும் படிக்கும்படி வெளியாகிவிட்டது. கடைசிப் பாடத்தை ஓட்டாதே என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவள் சேர்க்கவேயில்லை. பிழை திருத்தி மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு தடவையும், கடைசிப் பாடத்தில் நிற்கிறது. கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. பிறகு யாரும் அடிக்காமலே மேலே நகர்கிறது.

அண்ணனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பாடு. அது இன்னும் அவள் பாக்கி.