எங்கள் வீடு வாடகைக்கு

வீட்டுத் தரகு என்பது, இருக்கிற சுவரைக் காட்டி இல்லாத காற்றை விற்கும் தொழில். வாடகை வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். உங்களுக்கு அந்தக் காற்றை விற்றவர் என் அப்பாவாகக்கூட இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் அவர் கையில் சாவி இல்லாத தெரு கிடையாது. எந்த வீடானாலும் அவர் சொல்வது நான்கே வாக்கியங்கள்தான்: "காத்து பிச்சுக்கிட்டு வரும். தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. கோயில் அஞ்சு நிமிஷம். ஓனர் தங்கமான மனுஷன்." ஜன்னலே இல்லாத வீட்டுக்கும் இதே நான்குதான். காற்று எந்த வழியாக வரும் என்று கேட்டால் "வர்ற வழியாத்தான்" என்பார்.

அவருக்கு மூட்டுவலி வந்து மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் வீட்டோடு தங்கிவிட்டதிலிருந்து, போனில் பேசுவது அவர், நேரில் வீடு காட்டுவது நான். எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். காலையில் வகுப்பில் நகரமயமாதலைப் பற்றிக் கத்திவிட்டு, மாலையில் சாவிக்கொத்தோடு கிளம்புவேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. வீடு பார்க்க வரும் பார்ட்டி கேட்காவிட்டாலும் வீட்டின் குறையைச் சொல்லிவிடுவேன். அப்பா என்னை அனுப்பும்போதெல்லாம் ஒரே பிரார்த்தனைதான்: "தாயே, பூட்டை மட்டும் திற. வாயைத் திறக்காத."

இந்த வருஷம் ஆனி மாதம் பிறந்ததும் எங்களுக்கே ஒரு போன் வந்தது. நாங்கள் இருப்பதும் வாடகை வீடுதான். மேலூர்ப் பக்கம், வாழைத்தோட்டத்தைப் பார்த்த மாடி வீடு. எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறோம். ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். "ஒரே ஆளு ரொம்ப வருஷம் இருந்தா வீடு கையை விட்டுப் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனி முடியறதுக்குள்ள வேற பார்ட்டி பாருங்க. ஆடியில ஒருத்தரும் குடி வர மாட்டாங்க. ஆவணியில நான் பொண்ணுகிட்ட அமெரிக்கா போயிடுவேன். ஆள் அமையலைன்னா நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்களே இருங்க" என்றார். கவனியுங்கள், இதை அவர் குடியிருக்கிற அப்பாவிடம் சொல்லவில்லை, தரகர் அப்பாவிடம் சொன்னார். எங்களைக் கிளப்ப ஆள் பிடிக்கும் வேலையை எங்களிடமே கொடுத்துவிட்டார்! நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா மட்டும் அமைதியாகச் சொன்னார்: "தொழில்னு வந்தா தொழில்தான். அவரோட மத்த வீடுங்களும் நம்ம கையிலதான் இருக்கு."

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நடந்தவற்றைச் சொன்னால்தான் நான் மாட்டிக்கொண்ட விதம் புரியும்.

வெளியூர் சார்ஜ்

சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு மாமாவும் மாமியும் வீடு பார்க்க வந்தார்கள். கடைசிக் காலத்தில் பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். திருச்சி ஜங்ஷனில் அவர்களை அழைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். "ஸ்ரீரங்கமா? அது வெளியூர் சார்ஜ்ங்க" என்றார் ஆட்டோக்காரர். நான் விடுவேனா? ஸ்ரீரங்கமும் திருச்சி கார்ப்பரேஷன்தான், வரி ஒன்று, மேயர் ஒருவர், குப்பை வண்டிகூட ஒரே நிறம் என்று அடுக்கினேன். பாலம் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் நாங்களே வீட்டில் "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம் என்பதை வாதத்தின் நலன் கருதி வெளியிடவில்லை.

ஆட்டோக்காரர் பொறுமையாகக் கேட்டார். மாமாவுக்கு என் வாதம் பிடித்துப்போய் பையைக் கீழே வைத்துவிட்டு ரசித்தார். மாமிக்குத்தான் வெயில். கடைசியில் ஆட்டோக்காரர் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கிய துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கார்ப்பரேஷன் ஒன்னுதாங்க. ஆனா நடுவுல ஓடுற ஆத்துக்கு அது தெரியலயே."

கோபுர தரிசனம்

அந்த மாமா மாமிக்கு அப்பா போனில் ஐந்தாவதாக ஒரு வாக்கியத்தையும் சொல்லியிருந்தார்: "வீட்டுக்குள்ள இருந்தே கோபுர தரிசனம்." ஒரு காலத்தில் உண்மைதான். முன்னால் காலி மனையாக இருந்தது. இப்போது அதில் மூன்று மாடி எழும்பிவிட்டது. மாமா ஹாலுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று என்னைப் பார்த்தார். கூப்பிய கையோடு நிற்கும் மனிதரிடம் எப்படிப் பொய் சொல்வது? "மாமா, கோபுரம் பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாத்தான் தெரியும். அதுவும் வாளியைக் கவுத்துப் போட்டு ஏறி நிக்கணும்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

மாமா நம்பவில்லை. உள்ளே போனார். வாளி கவிழும் சத்தம் கேட்டது. பிறகு பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "தெரியறதுடீ! ஆனா இங்க நின்னுண்டு எப்படிடீ சேவிக்கறது?" மாமி என் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "கொழந்தே, உங்கப்பா சொன்னதும் பொய் இல்லே, நீ சொன்னதும் பொய் இல்லே. ஆனா இனிமே எங்களுக்கு வீடு காட்டறதுன்னா நீயே வா."

ஆத்துக்குள்ள சைவம்

அடுத்து அவர்களை உத்திர வீதியில் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கீழே ஓனர் மாமி. வீட்டைத் திறப்பதற்கு முன்பே விசாரணையைத் திறந்துவிட்டார். எந்த ஊர், என்ன கோத்திரம், என்ன சாப்பிடுவேள், வருகிற விருந்தாளி என்ன சாப்பிடுவா? வாடகைக்கு வருகிறவர்கள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓனருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமாவோ நல்ல மார்க் வாங்கும் பையன்போல எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தானாகவே மாட்டினார்: "நாங்க ரெண்டு பேரும் ஒரு பூனையும்தான்."

ஓனர் மாமி நெற்றியைச் சுருக்கினார். "பூனை என்ன சாப்பிடும்?" அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். உணவு என்பது தனிமனித உரிமை, பூனைக்கும் அது பொருந்தும் என்று நான் முழங்கிக்கொண்டிருக்கும்போதே மாமா பணிவாகக் குறுக்கிட்டார்: "தயிர்சாதம் போட்டுப் பாத்தோம் மாமி. அது எங்களையே சாப்பிடறாப்ல பாத்தது." ஓனர் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பரணில் எலி ஓடும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை நீட்டினார்: "எலியையெல்லாம் மொட்டை மாடியிலேயே முடிச்சுக்கச் சொல்லுங்கோ. ஆத்துக்குள்ள சைவம்."

முகூர்த்த நாள்

கல்யாண மண்டபத்தை ஒட்டி ஒரு வீடு வருஷக்கணக்கில் போகாமல் கிடந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து ரைஸ் மில் வைத்திருக்கும் ஒருவர், பிள்ளைகளின் படிப்புக்காக வீடு கேட்டு வந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். முகூர்த்த நாளில் விடியற்காலையிலேயே மேளம், முந்தின நாள் ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக், வாசலில் ஜெனரேட்டர், உங்கள் காரை எடுக்க முடியாதபடி மாப்பிள்ளை வீட்டு வேன், பந்தி முடிந்தால் எச்சில் இலைக்கு மாடுகள். போனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பெருமூச்சு எனக்குக் கேட்டது.

மில்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். "நான் பொறந்து வளந்ததே மில்லுக்குப் பின்னாடிதாம்மா. மிஷின் நின்னா முழிப்பு வந்துரும் எங்களுக்கு. இந்த வீட்டுல முகூர்த்தம் இல்லாத அன்னைக்குத்தான் தூங்க மாட்டோம்" என்று சிரித்தார். ஆனால் அவர் வீட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவல்ல. போகும்போது என்னிடமிருந்து போனை வாங்கி அப்பாவிடம் சொன்னதுதான் காரணம், அது ஊரெல்லாம் பரவியும்விட்டது: "உங்க பொண்ணு இவ்ளோ குறையைச் சொல்லிருச்சுல்ல, இனிமே இந்த வீட்டுல மறைக்கறதுக்கு ஒன்னும் இருக்காதுங்க."

அத்தனையும் உண்மை

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆனி பாதி தாண்டியதும் தொட்டியத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். சொந்தமாக வாழை போடுகிறவர்கள். பையனுக்கு இங்கே ப்ளஸ் ஒன் கிடைத்திருந்தது. "நாங்க வேற பக்கம் போறோம்" என்றும், கூடவே தன் வழக்கமான நான்கு வாக்கியங்களையும் அப்பா போனில் சொல்லி வைத்திருந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. இவர்களை எப்படியும் ஓட்டிவிட வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். ஆனால் அம்மா இருக்கிறாளே! முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள் என்றதும், காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துத் தரையில் முகம் தெரியும்படி செய்துவிட்டாள். படிக்கட்டில் கோலம் வேறு. என் திட்டத்துக்கு முதல் எதிரி என்னைப் பெற்றவள்.

நான் மூச்சு விடாமல் சொன்னேன். சமையலறைக் கூரையில் காரை பெயர்கிறது. கோடையில் மொட்டை மாடிச் சூடு அப்படியே தலையில் இறங்கும். தோட்டத்திலிருந்து கொசு வரும். குரங்கு வந்தால் காயப்போட்ட வற்றலையும் கொண்டுபோகும், தட்டையும் கொண்டுபோகும். வைகுண்ட ஏகாதசிக்குத் தெருவை மறித்துவிட்டால் குடியிருக்கிற வீட்டுக்கு வரவே போலீஸிடம் ஆதார் காட்ட வேண்டும். ஒன்றுகூடப் பொய் இல்லை. அடுக்கிய வேகத்தில்தான் கொஞ்சம் ஆர்வம் அதிகம். தொட்டியத்து அம்மா ஜன்னலோரம் நின்று, வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கணவரைப் பார்த்துத் தலையாட்டினார்: "இந்தப் பாப்பா குறை சொல்ற வீட்டைக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்னு மில்காரரு சொன்னாருல்ல? ஞாயித்துக்கிழமை வந்து அட்வான்ஸைக் குடுத்துரலாங்க."

ஞாயிற்றுக்கிழமை

அவர்கள் வந்துபோன அன்று மாலை, அப்பாவிடம் சண்டை போட்டேன்: ஓனருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்கிறீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்யலாமா? அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது அம்மா சொன்னதுதான். வற்றலை எடுத்து டப்பாவில் கொட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எல்லார் வீட்டையும் சொல்ற மாதிரி நம்ம வீட்டையும் சொல்லிட்டியேடி. நல்லதா ஒன்னுகூடவா உனக்குத் தெரியல?"

ஞாயிற்றுக்கிழமை, ஆனியின் கடைசி முகூர்த்த நாள். தொட்டியத்துக்காரர்கள் வெற்றிலை பாக்கு, பழம், பணத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனி இந்த வீடு இவர்களுடையதுதான் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் அதைப் பற்றி இவர்களுக்கு நல்லதும் தெரியட்டும் என்று தோன்றியது. நிஜமாகவே, மனதிலிருந்து சொன்னேன். "இந்த ஜன்னலைத் திறந்து வெச்சீங்கன்னா காத்து பிச்சுக்கிட்டு வரும். தண்ணிக்குப் பஞ்சமே இல்ல, எந்தக் கோடையிலயும் மோட்டார் இழுக்காம இருந்ததில்ல. கோயில் அஞ்சு நிமிஷம்தான்." வாசற்படியில் நின்றிருந்த அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். மூன்று வாக்கியம் வந்துவிட்டது, நான்காவதை மட்டும் எப்படி விடுவது? எங்களைக் கிளப்புகிறவரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்: "ஓனர்... தங்கமான மனுஷன்."

தொட்டியத்து அம்மா தாம்பாளத்தில் வைத்த பணத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அத்தனை குறை சொன்னியே பாப்பா, இன்னைக்கு என்ன ஒன்னுகூட இல்ல?" என்றார். "அதெல்லாம் சின்னச் சின்னதுங்க. நிஜமாவே நல்ல வீடு" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் அம்மா அவசரமாகக் காபி கொண்டுவந்தாள், அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது. தொட்டியத்து அம்மா பணத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார், பழத்தை மட்டும் மரியாதைக்கு எங்களிடம் விட்டார், எழுந்து புடவையை உதறிக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "ஏங்க, இந்தப் பொண்ணும் அவங்கப்பா மாதிரியே பேச ஆரம்பிச்சிருச்சு. அப்ப இந்த வீட்டுல என்னமோ பெருசா இருக்கு. எந்திரிங்க, போலாம்."

ஆக, வாழ்க்கையில் ஒரே ஒரு வீட்டை நான் மனதாரப் புகழ்ந்து அதை ஒருவரும் நம்பாததால்தான், ஆடி பிறந்த பிறகும் எங்கள் வீட்டு ஜன்னலில் காற்று எங்களுக்காகப் பிய்த்துக்கொண்டு வருகிறது.